பழைய கணினியில் தமிழ் தெரியவில்லையா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் படியுங்கள்

பதினொரு ஆண்டுக் கோயில் கூட்டக் குறிப்புகள் ஒரே பிற்பகலில் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதற்காக 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவளும் நானே.

அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், கோயில் கமிட்டிச் செயலாளரும்கூட. தோட்டம் கைமாறியபோது, கோயில் அங்கே எத்தனை காலமாக இருக்கிறது, யார் யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று காகிதத்தில் காட்டும்படி கேட்டார்கள். மூன்று வாரக் கெடு. குறிப்புகள் எல்லாம், தோட்ட அலுவலகம் கழித்துக் கொடுத்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருந்தன. அதில் பழைய கோப்புகள் நன்றாகவே திறந்தன. ஆனால் இணையத்தில் வந்த தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "தமிழ் தெரியவில்லை, பாருங்கள்" என்று கடையில் கொடுத்தேன். "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார்கள், அதாவது வட்டை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. திரும்பி வந்தபோது கட்டங்கள் அப்படியே இருந்தன. நன்றாகத் திறந்துகொண்டிருந்த பழைய கோப்புகளும் படிக்க முடியாமல் போயிருந்தன.

அந்த மூன்று வாரத்தில் கற்றதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், முக்கியமாக மூன்றாம் படியைத் தாண்டாதீர்கள்.

1. திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் பாருங்கள்

"தமிழ் வரவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் கடைக்காரருக்குத் தெரிந்த மருந்து ஃபார்மட் ஒன்றுதான். நோய்கள் பல. எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால், அந்த மொழிக்கான எழுத்துரு கணினியில் இல்லை. வேறு பழுது எதுவும் இல்லை.

எழுத்துகள் தமிழாகத்தான் இருக்கின்றன, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன என்றால், எழுத்துரு இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் பகுதி நிறுவப்படவில்லை. "கோயில்" என்ற சொல்லைப் பாருங்கள். இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய்த் தொங்கினால் இந்த வகைதான். எக்ஸ்பியில் இது மிகச் சாதாரணம்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஓர் ஆர், மீண்டும் அதே ஏ, அதே ஆர் என்று வரி முழுக்க ஓடினால் மகிழ்ச்சி அடையுங்கள். அது நல்ல யூனிகோட் தமிழ்தான், அதாவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான இன்றைய எழுத்து முறை. கணினி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் படித்துக்கொண்டிருக்கிறது. பழைய உலாவியின் பட்டியலில் எழுத்துக் குறியாக்கம் என்ற இடத்துக்குப் போய் யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று மாற்றினால் நொடியில் தமிழ் வந்துவிடும்.

அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த கோப்பு. எடுத்துக்காட்டாக "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்ற ஐந்தும் அடுத்தடுத்துச் சிறிய எழுத்தில் வந்தால், அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல். எங்கள் குறிப்புகளில் பெரும்பகுதி இந்த வகை. இதற்கு ஆறாம் படி.

திடீரென்று சீன எழுத்துகள் தெரிந்தால் ஏழாம் படிக்குப் போங்கள். சிரிக்காதீர்கள், எங்களுக்கு அதுவும் நடந்தது.

கடைசியாக, வெறும் கேள்விக்குறிகள். எழுத்து இருந்த இடத்தில் எல்லாம் கேள்விக்குறியே நின்றால், யாரோ அந்தக் கோப்பைத் தவறான முறையில் சேமித்துவிட்டார்கள். தமிழ் அதற்குள் இல்லை. எந்த எழுத்துருவும் அதை மீட்காது. வேறு நகல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

2. கையில் சேர்த்து வைக்க வேண்டியவை

தொடங்கும் முன் இவற்றைத் தேடி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

எக்ஸ்பி என்றால், விண்டோஸ் குறுந்தட்டு. தமிழைச் சேர்க்கும்போது கணினி இதைக் கேட்கும். குறுந்தட்டு தொலைந்துவிட்டால் பதறாதீர்கள். சி டிரைவில், அல்லது அதற்குள் விண்டோஸ் கோப்புறையில், ஐ386 என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனங்கள் விற்ற கணினிகள் பலவற்றில் அதை ஏற்கெனவே படியெடுத்து வைத்திருப்பார்கள். இருந்தால் குறுந்தட்டு வேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் உரிம எண். எழுத்து அழிந்துகொண்டிருந்தால் இன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல். அலுவலகத்திலிருந்து வந்த கணினி என்றால், அங்கே வேலை பார்த்தவரிடம் கேட்க வேண்டும். இது இல்லாமல் எழுத்துருவைக்கூடச் சேர்க்க முடியாது. எங்களுக்கு இதற்கு மட்டும் நான்கு நாள் போயிற்று. தெரிந்த ஒரே ஆள் கிள்ளானுக்கு மாறிப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை.

அலுவலகம் கழித்துக் கொடுத்ததற்கு ஒரு கடிதம் இருந்தால் அதையும் வையுங்கள். பெட்டியில் ஒட்டியிருந்த சொத்து எண்ணைப் பார்த்துவிட்டு ஈப்போவில் ஒரு கடையில் கை வைக்கவே தயங்கினார்கள். அப்பா பழைய மேலாளர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டிய பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள்.

3. நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், நான் 20 வெள்ளிக்கு வாங்கினேன். முதலில் உங்கள் கோப்புகளை அதில் போடுங்கள். அத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது.

சி டிரைவில் விண்டோஸ் கோப்புறையைத் திறங்கள். அதற்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் உள்ளவற்றை அப்படியே பென்டிரைவுக்குப் படியெடுங்கள். பழைய முறைத் தமிழ்க் கோப்புக்குப் பூட்டும் சாவியும் அந்த எழுத்துருதான். ஃபார்மட் செய்யும்போது கடைக்காரர் உங்கள் ஆவணங்களைக் காப்பாற்றித் தருவார். எழுத்துருவைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. எங்கள் கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. எனக்கே அது தெரியாது.

நகல் எடுத்த பென்டிரைவைக் கணினியின் அருகில் வைக்காதீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மழைக்காலத்தில் இடி விழுந்து தொலைக்காட்சியும் மோடமும் ஒன்றாகப் போன வீடுகள் உண்டு.

4. விண்டோஸ் எக்ஸ்பி: குறியிட வேண்டியது ஒரே ஒரு பெட்டி

எக்ஸ்பிக்குள் தமிழ் உண்டு. லதா என்ற எழுத்துருவும் அதோடு வருகிறது. ஆனால் ஆங்கில எக்ஸ்பி அதைத் தானாக நிறுவாது. அதன் கணக்கில் நம் மொழி அயல்மொழி, கேட்டால்தான் தரும்.

கண்ட்ரோல் பேனலைத் திறந்து, "ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்" என்பதைச் சொடுக்குங்கள். மேலே மூன்று தாவல்கள் இருக்கும். நடுவில் உள்ள "லாங்குவேஜஸ்" தாவலுக்குப் போங்கள். கீழ்ப்பகுதியில் இரண்டு சிறு பெட்டிகள் தெரியும். முதலாவது, சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் உரியது. தாய்லாந்து மொழியின் பெயரும் அந்த வரியில் இருக்கும். தமிழின் பெயர் இருக்காது. அதனால்தான் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் குறியிடுங்கள்.

உடனே 10 எம்பி இடம் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வரும். சரி என்று சொல்லி, "அப்ளை" பொத்தானை அழுத்துங்கள். இப்போது குறுந்தட்டைக் கேட்கும். குறுந்தட்டு இல்லாமல் ஐ386 கோப்புறை மட்டும் இருந்தால், "பிரௌஸ்" வழியாக அதைக் காட்டுங்கள். படியெடுத்து முடித்ததும் கணினியை மூடித் திறக்கச் சொல்லும். கட்டாயம் மூடித் திறங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

குறுந்தட்டின் சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத் தொகுப்பு) எண்ணும் கணினியில் உள்ளதும் வேறாக இருந்தால், சில கோப்புகள் கிடைக்கவில்லை என்று பாதியில் நிற்கும். "தவிர்" என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். கணினியில் உள்ள அதே சர்வீஸ் பேக் சேர்ந்த குறுந்தட்டை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

உலாவியில் தமிழ் சரியாகத் தெரிந்துவிட்டது என்று முதல் பெட்டியைக் குறியிடாமல் விடாதீர்கள். சில உலாவிகள் எழுத்துகளைத் தாமே சேர்த்துக் காட்டக் கூடியவை. நோட்பேடைத் திறந்து ஒரு தமிழ் வரியை ஒட்டிப் பாருங்கள். அங்கே கொம்பு சரியான இடத்தில் நின்றால்தான் வேலை முடிந்தது.

மூன்றாவது: நோட்பேடில் தமிழை ஒட்டியபின் சேமித்தால், எக்ஸ்பியும் விண்டோஸ் 7உம் அதை யூனிகோடுக்கு முந்தைய, தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற முறையில் சேமிக்கப் பார்க்கும். சில எழுத்துகள் இழக்கப்படும் என்று எச்சரிக்கை வரும். அவசரத்தில் "சரி" என்று தட்டினால், முதல் படியில் சொன்ன கேள்விக்குறிகள் பிறப்பது அப்போதுதான். சேமிக்கும் சாளரத்தின் அடியில் "என்கோடிங்" என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் யூடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.

லதா எழுத்துரு சிறிய அளவில் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் குறையில்லை. திரையின் பண்புகளில் "அப்பியரன்ஸ்", அதில் "எஃபெக்ட்ஸ்" என்று போய், எழுத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் கிளியர்டைப் முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பியில் அது வழக்கமாக அணைந்தே இருக்கும். எழுத்தளவையும் 14க்கு ஏற்றுங்கள்.

5. விண்டோஸ் 7, விண்டோஸ் 10

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. விண்டோஸ் 7இல் லதா, விஜயா என்ற இரண்டு எழுத்துருக்களும் ஏற்கெனவே இருக்கின்றன. யூனிகோட் தமிழுக்கு எதையும் நிறுவ வேண்டாம். "தமிழ் நிறுவித் தருகிறேன், 50 வெள்ளி" என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

விண்டோஸ் 10இல் நிர்மலா என்ற எழுத்துரு உள்ளேயே வருகிறது. லதாவில் அடித்த பழைய ஆவணத்தைத் திறந்தால் வரிகளும் பக்கங்களும் இடம் மாறித் தெரியலாம், ஏனென்றால் லதா அதில் தானாக இருப்பதில்லை. அமைப்புகளில், விருப்ப வசதிகள் என்ற பகுதியில், தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பு என்று ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும். இணைய இணைப்பு வேண்டும், பணம் வேண்டாம்.

6. ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் பழைய கோப்புகள்

முதலில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடியுங்கள். கோப்பை வேர்டில் திறந்து, குப்பையாகத் தெரியும் வரியின் நடுவில் சொடுக்குங்கள். மேலே எழுத்துருவின் பெயரைக் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரைக் காட்டும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் ஒவ்வோர் எழுத்துருவாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் தெரிந்ததும் மூன்றாம் படியில் எடுத்த நகலில் தேடுங்கள். நகல் இல்லை என்றால், அதே காலத்தில் தமிழ் தட்டச்சு செய்தவர்களைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியின் ஸ்டோர் அறைக் கணினி, திருமண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகம், ஓய்வு பெற்ற ஆசிரியரின் மடிக்கணினி. இணையத்தில் தேடினால் பாமினி போன்றவை கிடைக்கும். இறங்கிய கோப்பின் பெயர் டிடிஎஃப் என்று முடிந்தால் அது எழுத்துரு. இஎக்ஸ்இ என்று முடிந்தால் தொடாதீர்கள். எழுத்துரு என்ற பெயரில் விளம்பர நச்சுநிரல்களைத் தரும் இடங்கள் ஏராளம்.

எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் அந்தக் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் போதும். விண்டோஸ் 7இல் கோப்பின்மேல் வலச்சொடுக்கு, "இன்ஸ்டால்". வேர்டை மூடித் திறந்தால் எழுத்துகள் தமிழாக நிற்கும். எங்கள் வீட்டில் முதலில் தெரிந்த வரி, "நல்லெண்ணெய் 2 டின்" என்பதுதான். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த ஃபார்மட்டில் மீண்டும் இதே கதை. ஆகவே யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாற்றி நிரல்கள் உண்டு. என்எச்எம் கன்வர்ட்டர் என்பது கணினியிலேயே நிறுவி, இணையம் இல்லாமல் ஓட்டக்கூடியது. இணையத்தளத்தில் ஒட்டி மாற்றும் வசதிகளும் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியலில் அடையாள அட்டை எண் இருந்தால் அதை எந்தத் தளத்திலும் ஒட்டாதீர்கள்.

மாற்றும்போது நடக்கும் வேடிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிகாரியிடம் கொடுக்கும் காகிதத்தில் அவை வேடிக்கையாக இருக்காது. பாமினியில் ஆங்கில ஆர் விசையின் பெரிய எழுத்து "சு", எம் விசையின் பெரிய எழுத்து "ஆ". கோப்பில் ரிங்கிட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் ஆர்எம் என்று எழுதியிருந்தால், மாற்றியபின் அது "சுஆ" ஆகிவிடும். அன்னதானச் செலவு "சுஆ 500". காற்புள்ளி விசை பாமினியில் "இ". ஆகவே 1,250 என்று ஆங்கில எழுத்துருவில் அடித்த தொகை "1இ250" ஆகும். எங்கள் 2009ஆம் ஆண்டுத் திருவிழாக் கணக்கு முழுக்க இப்படித்தான் வந்தது. மாற்றுவதற்கு முன் ஆங்கிலத்தில் உள்ள பகுதிகளைத் தனியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மாற்றியபின் இந்த இரண்டையும் தேடித் திருத்துங்கள்.

இன்னொன்று வேர்டு செய்யும் குறும்பு. பழைய எழுத்துருக் கோப்பைத் திறந்து ஏதாவது தட்டினால், வேர்டு அதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய எஃப் "க", பெரிய எஃப் "கு". "கணக்கு" என்று அடித்தால் "குணக்கு" என்று மாறி நிற்கும். கோயில் கணக்கு குணக்கானது என்று ஊரில் சொல்ல வைத்துவிடாதீர்கள். தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைத்துவிட்டுக் கோப்பைத் தொடுங்கள்.

7. சீனமும் ஜாவியும்

தமிழ்க் கோப்பு சீனத்தில் தெரிந்த கதைக்கு வருகிறேன். ஃபார்மட் செய்து தந்தவர் தம் வழக்கப்படி சீன அமைப்போடு விண்டோஸைப் போட்டுத் தந்திருந்தார். நோட்பேடில் இருந்த சந்தாக் கணக்கைத் திறந்தால் வரி வரியாகச் சீன எழுத்துகள். அது டிஸ்கி என்ற பழைய தமிழ் முறையில் அடித்தது. சீன அமைப்பில் கணினி அந்தக் குறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒவ்வொரு சீன எழுத்தாகப் படித்துவிடுகிறது. எங்கள் சந்தாக் கணக்கு என்ன சொல்கிறது என்று பக்கத்துக் கடைச் சீன முதலாளியான தவுக்கேயிடம் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சீனமில்லை" என்றார்.

இந்த நிலையில் கோப்பைச் சேமிக்காதீர்கள். மூடிவிட்டு, எக்ஸ்பியில் அதே "ரீஜனல்" சாளரத்தின் மூன்றாவது தாவலான "அட்வான்ஸ்டு" என்பதற்குப் போய், யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழியை ஆங்கிலமாக மாற்றுங்கள். விண்டோஸ் 7இல் இது "அட்மினிஸ்ட்ரேட்டிவ்" தாவலில் இருக்கும். மூடித் திறந்தால் சீன எழுத்துகள் போய்விடும்; தமிழாகப் படிக்க ஆறாம் படியில் சொன்னதுபோல் அதற்குரிய எழுத்துரு வேண்டும். அந்த இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். தமிழுக்கு அப்படி ஒரு பழைய குறிப்பக்கமே (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) விண்டோஸில் கிடையாது.

வீட்டில் பிள்ளைகள் சீனப்பள்ளியில் படித்தால், எக்ஸ்பியில் முதல் பெட்டிக்குக் கீழே உள்ள இரண்டாவது பெட்டி கிழக்காசிய மொழிகளுக்கு உரியது. அதற்கு 230 எம்பி இடம் வேண்டும், வட்டு நிறைந்திருந்தால் முதலில் இடம் செய்துகொள்ளுங்கள். ஜாவிக்கு, அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாய்க்கு, தனியாக எதுவும் வேண்டாம். தமிழுக்காகக் குறியிட்ட முதல் பெட்டியே அரபு எழுத்தையும் சேர்த்துவிடும். ஆனால் "குரு" என்ற மலாய்ச் சொல்லின் முதல் எழுத்து மட்டும் கட்டமாகத் தெரியலாம். அந்த ஜாவி எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005இல்தான்; எக்ஸ்பியோடு வந்த எழுத்துருக்கள் அதற்கு மூத்தவை. புதிய அரபு எழுத்துரு ஒன்றைச் சேர்த்தால் போகும்.

8. பக்கமே திறக்கவில்லை என்றால்

எழுத்துப் பிரச்சினை என்று நினைத்து நான் ஒரு நாள் மல்லுக்கட்டியது உண்மையில் ஒரு பேட்டரி. கணினியின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். ஆண்டு 2002 என்றோ அதைப் போல வேறு ஏதோ என்றோ காட்டினால், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவப் பேட்டரி செத்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது, சான்றிதழ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், எனக்கு 5 வெள்ளி.

உலாவியும் முக்கியம். எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இன்றைய தளங்கள் திறக்காது. ஃபயர்ஃபாக்ஸ் 52 நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பு. விண்டோஸ் 7க்கு குரோம் 109. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணினியில் செய்தி படியுங்கள், வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அப்பாவின் கணினியில் இப்போது இணையக் கம்பியையே கழற்றி வைத்திருக்கிறேன், வேண்டும்போது மட்டும் மாட்டுகிறோம்.

9. அச்சுக்குக் கொண்டுபோகும்போது

வீட்டில் அழகாகத் தெரிந்த ஆவணம் போட்டோஸ்டேட் கடையில் கட்டமாக வெளிவரும். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்து போகும். எக்ஸ்பியில் இதற்கு லிப்ரே ஆபிஸ் 5.4 போதும், இலவசம். அதற்கு மேற்பட்ட பதிப்புகள் எக்ஸ்பியில் ஏறாது.

லிப்ரே ஆபிஸில் தமிழின் எழுத்தளவு மாறவே மாட்டேன் என்கிறதா? அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சிக்கலான எழுத்து முறைக்கான வசதியைக் குறியிடுங்கள். அதன்பின் எழுத்துருச் சாளரத்தில் தமிழுக்குத் தனிக் கட்டம் தெரியும். ஆங்கிலத்துக்கான கட்டத்தில் எவ்வளவு மாற்றினாலும் தமிழ் அசையாது.

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். எக்ஸ்பியில் அத்தகைய கோப்பை ஜிப் ஆக்க முயன்றால், பெயரில் ஆகாத எழுத்து இருக்கிறது என்று மறுத்துவிடும்.

10. செலவும் நாளும்

முதல் கடையில் ஃபார்மட்டுக்கு 80 வெள்ளி, அது தண்டம். பென்டிரைவ் 20, பேட்டரி 5. ஈப்போவுக்கு இரண்டு முறை போய் வந்ததற்கும் சாப்பாட்டுக்கும் ஏறக்குறைய 40. குறுந்தட்டு இரவல். அச்சுக்கு 63 வெள்ளி, அதில் நாற்பது பக்கம் "சுஆ" என்று வந்ததால் மறுபடி அச்சிட்டது. இந்தக் கட்டுரையின் வரிசைப்படி போயிருந்தால், அச்சுச் செலவைத் தவிர்த்து 25 வெள்ளியில் முடிந்திருக்கும்.

நேரம் என்று பார்த்தால், நான்காம் படி ஒரு மாலை. ஆறாம் படிக்குத்தான் நாள் பிடிக்கும். கோப்பு ஒன்றுக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றியதை அசலோடு வைத்து வரிவரியாகச் சரிபார்க்க அரைமணி நேரம் ஆகும். நாங்கள் 132 கோப்புகளை ஒன்பது இரவுகளில் முடித்தோம், அப்பா படிக்க, நான் திருத்த.

இரண்டு கோப்புகள் மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. வேர்டு காட்டிய எழுத்துருப் பெயர் எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லை. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, பழைய தமிழாசிரியர் ஒருவரின் மடிக்கணினியில் அந்த எழுத்துரு கிடைத்தது. நாட்காட்டி அடிக்கும் அச்சகத்தார் அவருக்குக் கொடுத்ததாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வழியில்லாததால் அப்படியே பிடிஎஃப் ஆக்கிக் கட்டோடு சேர்த்துவிட்டோம். எழுத்துருக் கோப்பு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: என் பென்டிரைவ், தங்கையின் கணினி, கோயில் பீரோவில் உண்டியல் சாவியோடு ஒரு குறுந்தட்டு.